பார்கட் கணினிப் பக்கத்தில் ஒரு வரி

பான்ட்வெலின், வேல்ஸ்
6 பிப்ரவரி 2024

திரு. கிளைவ் ஆஸ்க்யூ,

'அன்புள்ள' என்று தொடங்க மனம் வரவில்லை. விட்டுவிட்டேன்.

உங்கள் விலாசம் உங்கள் குழுவின் அறிவிப்பிலிருந்து கிடைத்தது. பழைய பிரிட்டிஷ் வீட்டுக் கணினிகளைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் நன்றாக எழுதப் போகிறோம், வீட்டில் பழைய கணினி இதழ்கள் கிடந்தால் மேக்கிள்ஸ்ஃபீல்ட் மெதடிஸ்ட் கூடத்துக்கு அனுப்பி வையுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். இதழ் ஒன்றும் அனுப்பவில்லை. இந்தக் கடிதத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பார்கட் கணினியை வடிவமைத்த எம்லின் ஹாப்கின் என் கணவர். இறந்து பதினோரு வருடமாகிறது. பார்கட்டைப் பற்றிய உங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வரி இருக்கிறது: 'வடிவமைப்பாளர் எம்லின் ஹாப்கின் 1983இல் வரைபடங்களை எடுத்துக்கொண்டு போட்டி நிறுவனத்துக்குச் சென்றுவிட்டதால் கணினிகள் எட்டு மாதம் தாமதமாயின, நிறுவனம் மூழ்கியதற்கு இதுவே காரணம்.' இது பச்சைப் பொய். என் கையாலேயே அதைப் பதினொரு தடவை எடுத்தேன். பதினொரு தடவையும் உங்கள் குழுவைச் சேர்ந்த ஹிலாரி என்ற மகராசி திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். பன்னிரண்டாம் தடவை போனால், இனி நான் எதையும் திருத்த முடியாதபடி கதவைச் சாத்திவிட்டீர்கள். நான் 'விஷமி'யாம். எழுபத்து நாலு வயதில் எனக்குக் கிடைத்த பட்டம்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். எங்கள் ஊர்ப் பழைய தொழிற்சாலைச் சுவரில் ஜூன் மாதம் நீல வட்ட நினைவுப் பலகை வைக்கப் போகிறார்கள். பார்கட் இங்கேதான் செய்யப்பட்டது, வடிவமைத்தவர் எம்லின் ஹாப்கின் என்று அதில் எழுதுவதாக முடிவாகியிருந்தது. போன வாரம் வரலாற்றுச் சங்கத் தலைவர் ஐவர் போவன் என்னைத் தபால் நிலைய வாசலில் நிறுத்தினார். "கிளெனிஸ், தப்பா நெனச்சுக்காதம்மா. இருநூறு பேருக்கு வேலை போன எடம் அது. கம்ப்யூட்டர்ல பாத்தேன், எல்லாம் விவரமா போட்டிருக்கான். அவர் பேரைப் போட்டா ஊர்ல கல்லெறிவாங்க" என்றார். நாற்பது வருடம் எங்கள் வீட்டுக்கு எதிரே குடியிருப்பவர்! என்னிடம் கேட்கவில்லை. உங்களிடம் கேட்டுக்கொண்டார்.

அந்த வரியை எடுங்கள்.

கிளெனிஸ் ஹாப்கின்

*

மேக்கிள்ஸ்ஃபீல்ட்
14 பிப்ரவரி 2024

திருமதி ஹாப்கின் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கணவரின் மறைவுக்கு என் அனுதாபங்கள்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. ஆறு வருடமாக மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடி, நாற்பத்து மூன்று கணினிகளின் பக்கங்களைச் சீர்செய்திருக்கிறோம். யாருக்கும் நினைவில்லாத இயந்திரங்கள் அவை. நாங்கள் செய்யாவிட்டால் செய்ய ஆளில்லை. ஹிலாரி பங்க்ஸ் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. அவர் திரும்ப வைத்த வரியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் 'திருட்டுக் கும்பல்' என்று எழுதிவைத்தது நீங்கள்தான். அதற்காகத்தான் கதவு சாத்தப்பட்டது. இதை நான் மறப்பதாக இல்லை.

விதி எளிது. எங்களுக்கு எது உண்மை என்று தோன்றுகிறதோ அதை எழுத எங்களுக்கு உரிமை இல்லை. நம்பகமான இடத்தில் அச்சில் வந்ததை மட்டுமே எழுதலாம், எங்கே வந்தது என்று கீழே காட்ட வேண்டும். அந்த வரிக்கு ஆதாரம் இருக்கிறது: உங்கள் மாவட்ட நாளிதழ் மார்ச் 2013இல் வெளியிட்ட, உங்கள் கணவரின் மறைவுக் குறிப்பு. உங்கள் ஊர்ப் பத்திரிகையே சொன்னதைத்தான் நாங்கள் சொல்லியிருக்கிறோம். வேறு ஏதாவது அச்சு ஆதாரம் இருந்தால் அனுப்புங்கள், பரிசீலிக்கிறோம். மனைவி என்ற முறையில் நீங்கள் அந்தப் பக்கத்தைத் தொடக்கூடாது. அதுவும் விதிதான்.

இப்படிக்கு,
கிளைவ் ஆஸ்க்யூ
ஒருங்கிணைப்பாளர்

*

பான்ட்வெலின்
20 பிப்ரவரி 2024

திரு. ஆஸ்க்யூ,

கூடவே வாழ்ந்தவளுக்குப் பேச உரிமை இல்லை, ஒருநாளும் பார்க்காதவனுக்கு உண்டு. நல்ல விதி! யார் யோசித்தார்கள்? அவரை எனக்குக் காட்டுங்கள்.

அந்த மறைவுக் குறிப்பைப் பற்றிச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். சவ அடக்கத்துக்கு முந்தின நாள் நாளிதழிலிருந்து ஒருவர் போன் செய்தார். வீடு நிறைய ஆட்கள். நான் ஹாம் சாண்ட்விச் அடுக்கிக்கொண்டிருந்தேன். "என்ன வயசுங்க? பிள்ளைங்க உண்டா?" என்று கேட்டார். ரெண்டே கேள்வி. வரைபடம் என்றோ போட்டி நிறுவனம் என்றோ வாயைத் திறக்கவில்லை. மறுநாள் பத்திரிகையில் அந்த வரி. அதைப் படித்துவிட்டுத்தான் கல்லறைக்குப் போனேன். அவர் அதை எங்கிருந்து எடுத்தார்? உங்கள் பன்னிரண்டு அறிவாளிகளில் ஒருவருக்காவது இதைக் கேட்கத் தோன்றியதா?

நடந்தது இது. முதல் தொகுப்பில் வந்த அடாப்டர்கள் சூடேறின. எங்கள் வீட்டு மேசைவிரிப்பில் ஒன்று கருப்பாக வட்டம் போட்டது. எம்லின் நேராக முதலாளி டெம்பிளிடம் போய், "இத அனுப்பாதீங்க, எந்த வீட்டையாவது கொளுத்திரும்" என்று நிறுத்திவிட்டார். வேறு அடாப்டர் வரும்வரை ஒரு பெட்டிகூட வாசலைத் தாண்டவில்லை. டெம்பிள் மட்டும் விளம்பரத்தை நிறுத்தவே இல்லை. இருபத்தெட்டு நாளில் உங்கள் வீட்டு வாசலில் என்று மாதாமாதம் போட்டுக்கொண்டே இருந்தார். எம்லின் எங்கும் ஓடவில்லை. 1984இல் தொழிற்சாலை மூடிய அன்று கடைசியாகக் கேட்டைப் பூட்டியது அவர்தான். பிறகு இருபத்தைந்து வருடம் இதே ஊரில் துணி துவைக்கும் இயந்திரம் ரிப்பேர் செய்தார்.

நேற்று மீன் வறுவல் கடை வரிசையில் பெத்தன் ரீஸ், அவள் புருஷன் தொழிற்சாலையில் பெட்டி கட்டியவன், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "நாங்க அவர நல்லவர்னுல நெனச்சோம். எங்க வீட்டு மெஷின ரிப்பேர் பண்ணும்போதுகூட ஒரு வார்த்த சொல்லலியே மனுஷன்" என்றாள். மீனை வாங்காமல் வந்துவிட்டேன். ராத்திரிக்கு ரொட்டியும் வெண்ணெயும் தின்றேன். 

என்னிடம் அச்சு ஆதாரம் கேட்கிறீர்களே, துவைக்கும் இயந்திரம் எதையாவது அச்சடித்துத் தருமா?

கிளெனிஸ் ஹாப்கின்

*

மேக்கிள்ஸ்ஃபீல்ட்
4 மார்ச் 2024

திருமதி ஹாப்கின் அவர்களுக்கு,

சனிக்கிழமைக் கூட்டத்தில் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். 'அறிவாளிகள்' என்ற இடத்தில் சிலர் சிரித்தார்கள். ஹிலாரி சிரிக்கவில்லை. "அந்தம்மா கேக்கறது நியாயந்தானே கிளைவ்? நிருபருக்கு எங்கேர்ந்து கெடச்சுதுன்னு நாம பாக்கவே இல்லயே" என்றார். எல்லார் முன்னாலும் இப்படிச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

கலைக்களஞ்சியத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் அதன் வரலாறு சேமிக்கப்பட்டிருக்கும். எந்த வரியை, எந்த நாளில், யார் சேர்த்தார் என்று பார்க்கலாம். பார்கட் பக்கத்தில் ஆயிரத்துக்கு மேல் மாற்றங்கள் இருக்கின்றன. இந்த வாரம் முதலிலிருந்து பார்க்கிறேன். நீங்கள் சொல்வது சரி என்று காட்டுவதற்காக அல்ல. இந்தப் பேச்சு இத்தோடு முடிய வேண்டும் என்பதற்காக.

கிளைவ் ஆஸ்க்யூ

*

பான்ட்வெலின்
2 ஏப்ரல் 2024

திரு. ஆஸ்க்யூ,

ஒரு வாரம் என்றீர்கள். நாலு வாரமாயிற்று. தபால்காரர் என் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார். பாவம், அவர் என்ன செய்வார்?

பலகையின் வாசகத்தை ஏப்ரல் முப்பதாம் தேதி முடிவு செய்யப் போகிறார்களாம். அதற்குப் பிறகு நீங்கள் எனக்கு ஆயிரம் அனுதாபம் அனுப்பினாலும் அடுப்பெரிக்கத்தான் ஆகும்.

அந்த வரலாறு எல்லாரும் பார்க்கக்கூடியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் நூலகத்தில் மெய்ர் என்று ஒரு பெண் இருக்கிறாள், கணினியில் கெட்டிக்காரி. பத்தாம் தேதிக்குள் பதில் வராவிட்டால் அவளைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு நானே பார்ப்பேன்.

கிளெனிஸ் ஹாப்கின்

*

மேக்கிள்ஸ்ஃபீல்ட்
10 ஏப்ரல் 2024

திருமதி ஹாப்கின்,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த வரியை எழுதியது நான்.

2006 நவம்பர் 19. அப்போது இந்தக் குழு இல்லை, ஆதாரம் கேட்கவும் ஆளில்லை. யார் வேண்டுமானாலும் புனைபெயரில் வந்து எதையும் எழுதலாம். முந்தின நாள் உல்வர்ஹாம்ப்டனில் பழைய கணினிச் சந்தைக்குப் போயிருந்தேன். தேநீர் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர், "பார்கட்டா? அத வடிவமைச்சவன் வரைபடத்த சுருட்டிக்கிட்டு ஓடிட்டானாம்ல" என்றார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து எழுதிவிட்டேன்.

2009இல் யாரோ அந்த வரியின் பக்கத்தில் 'ஆதாரம் தேவை' என்று குறித்திருக்கிறார்கள். 2013இல் உங்கள் கணவர் இறந்தார். நிருபர் என் வரியைப் பார்த்து எழுதியிருக்கிறார். வார்த்தைக்கு வார்த்தை அதேதான், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். இனி வருவது இதைவிட மோசம். அந்த மறைவுக் குறிப்பைக் கண்டுபிடித்து, 'இதோ ஆதாரம்' என்று வரிக்குக் கீழே ஒட்டியவனும் நானே. பார்த்தாயா, அன்றைக்குச் சரியாகத்தான் எழுதியிருக்கிறோம் என்று சந்தோஷப்பட்டேன். என் பொய்யையே எனக்குச் சாட்சியாக வைத்துவிட்டு, பதினோரு வருடம் கழித்து உங்களுக்கு விதி சொல்லிக்கொடுத்தேன்.

மார்ச் ஐந்தாம் தேதியே தெரிந்துவிட்டது. ஐந்து வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். குழு கலைந்துவிடும் என்று பயம். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவமானம்.

பதினாலு வயதில் பார்கட்டுக்குக் காத்திருந்தவன் நான். 1983 ஜனவரியில் விண்ணப்பம் போட்டது. இருபத்தெட்டு நாள் என்றார்கள், செப்டம்பரில் வந்தது. அதற்குள் வகுப்பில் எல்லாரும் வேறு கணினி வாங்கி, விளையாட்டுக் கேசட்டுகளை மாற்றிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். என்னோடு மாற்ற ஒருவன்கூட இல்லை. "இருபத்தெட்டு நாள் வர்றான்டா" என்று கூப்பிடுவார்கள். சப்பைக்கட்டு கட்டவில்லை. அந்தக் கோபத்தைச் சுமத்த எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டிருந்தது. தேநீர் வரிசையில் கிடைத்தார்.

கிளைவ் ஆஸ்க்யூ

*

பான்ட்வெலின்
11 ஏப்ரல் 2024

கிளைவ் ஆஸ்க்யூ,

மெய்ரோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். பார்த்துவிட்டேன்.

2006 நவம்பர் பத்தொன்பது. எழுதியவன் பெயர் 'இருபத்தெட்டு நாள்'. மெய்ர் அந்தப் பெயரைத் தட்டினாள். அவனுடைய பக்கம் வந்தது. 'நிஜப் பெயர் கிளைவ் ஆஸ்க்யூ, மேக்கிள்ஸ்ஃபீல்ட், துல்லியமே என் கொள்கை' என்று போட்டிருக்கிறீர்கள். துல்லியம்! மெய்ருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

வெட்கமாக இல்லையா? ஒரு மனிதனைத் திருடன் என்று எழுதிவிட்டு, அவன் பெண்டாட்டிக்கே 'என் அனுதாபங்கள்' என்று எழுத எப்படிக் கை வந்தது? ஹிலாரியைத் திட்டினேனே, அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். பாவம், எவனோ போட்ட குப்பைக்குக் காவல் நின்றிருக்கிறாள். ஒரு மாதமாக நீங்கள் ஏன் பேசவில்லை என்று இப்போது புரிகிறது. நான் கிழவி, களைத்துப்போய் விட்டுவிடுவேன் என்று பார்த்தீர்கள். அவ்வளவுதானே?

இந்தக் கடிதத்தின் நகலை போவனுக்குக் கொடுக்கப் போகிறேன். உங்கள் கூடத்துப் பாதிரியாருக்கும் அனுப்புவேன்.

கிளெனிஸ் ஹாப்கின்

*

பான்ட்வெலின்
13 ஏப்ரல் 2024

கிளைவ்,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. என்னுடையதை முந்தின நாள்தான் பெட்டியில் போட்டிருந்தேன். உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தபால் முத்திரையைப் பார்த்தேன். பத்தாம் தேதி, மாலை. என் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே எழுதியிருக்கிறீர்கள். அந்த மட்டும் சரி. பாதிரியாருக்கு அனுப்பவில்லை.

அதற்காக மனம் இளகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். பதினாலு வயதுப் பையன் எட்டு மாதம் காத்திருந்தது பாவம்தான். ஆனால் எழுதும்போது உங்களுக்கு வயது முப்பத்தேழு.

போவனிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "இது யாரோ ஒருத்தர் உனக்கு எழுதுன லெட்டர்மா. அச்சுல வந்ததில்லயே" என்றார். அவருக்கும் உங்கள் வியாதி தொற்றிக்கொண்டது. அதனால் எனக்கு எழுதியதை ஊருக்கு எழுதுங்கள். அதே நாளிதழில், உங்கள் பெயரோடு. முப்பதாம் தேதிக்குள்.

கிளெனிஸ்

*

மேக்கிள்ஸ்ஃபீல்ட்
24 ஏப்ரல் 2024

கிளெனிஸ் அவர்களுக்கு,

நாளிதழின் செவ்வாய்க்கிழமைப் பதிப்பின் நறுக்கை இத்துடன் வைத்திருக்கிறேன். என் கடிதத்தை முழுதாகப் போட்டார்கள். கீழே ஆசிரியர் குறிப்பு: 2013ஆம் ஆண்டு மறைவுக் குறிப்பை நம்ப வேண்டாம், அதைத் திரும்பப் பெறுகிறோம் என்று. நிருபர் இப்போது அங்கே இல்லையாம்.

குழுவை அவசரமாகக் கூட்டிச் சொன்னேன்.  பிறகு ஹிலாரி, "பதினொரு தடவ கிளைவ். பதினொரு தடவ நான் அந்தம்மாவுக்கு எதிரா அத திரும்ப வெச்சேன், உங்க பேச்சக் கேட்டு" என்றார். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார், கழற்றினார், திரும்ப உட்கார்ந்தார். என்னைப் பொறுப்பிலிருந்து நீக்க வாக்கெடுத்தார்கள். பத்துக்கு ஒன்று. அந்த ஒன்று நான் இல்லை, நான் வாக்களிக்கவில்லை. இனி ஹிலாரிதான் ஒருங்கிணைப்பாளர். பார்கட் பக்கத்தை நான் தொடக்கூடாது.

அந்த வரி போய்விட்டது. இன்று காலை பார்த்தேன்.

கிளைவ்

*

பான்ட்வெலின்
29 ஏப்ரல் 2024

கிளைவ்,

வரி போயிற்று. கூடவே எம்லினும் போய்விட்டார்!

மெய்ரோடு உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை தேடினேன். என் கணவர் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. 'பார்கட் 1982இல் அறிவிக்கப்பட்டது, நிறுவனர் ரோலண்ட் டெம்பிள்' என்றிருக்கிறது. அடாப்டரின் அளவுகூட இருக்கிறது. செய்தவன் இல்லை. போவன் இன்று என் வாசலில் நின்றுகொண்டு, "முன்னாடி தப்பா இருந்துச்சு, சரி. இப்ப பேரே இல்லயேம்மா. அவர்தான் செஞ்சார்னு எதுல இருக்கு?" என்கிறார். அவர் முகத்தில் கதவைச் சாத்தினேன். பிறகு திறந்து மே முடியும்வரை அவகாசம் வாங்கினேன். அதுவும் கெஞ்சி. நான் கெஞ்சினேன் கிளைவ், ஐவர் போவனிடம்!

திருடன் என்றாவது அவர் அந்தப் பக்கத்தில் இருந்தார். நியாயம் கேட்டுப் போய் ஆளையே தொலைத்துவிட்டு நிற்கிறேன். என்ன ஜன்மங்கள் நீங்களெல்லாம்?

கிளெனிஸ்

*

மேக்கிள்ஸ்ஃபீல்ட்
5 மே 2024

கிளெனிஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கூடத்துப் படிக்கட்டிலேயே பிரித்துப் படித்தேன்.

நடந்தது இதுதான். 'வடிவமைத்தவர் எம்லின் ஹாப்கின்' என்ற வரிக்கும் அதே மறைவுக் குறிப்புதான் ஆதாரமாக இருந்தது. பத்திரிகையே அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. அதன்மேல் நின்றதையெல்லாம் ஹிலாரி எடுத்துவிட்டார். விதிப்படி சரி. இந்த விதிகளை எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான். நேற்றுக் கூட்டத்தில் மேசையைத் தட்டிக் கத்தினேன். "இது அநியாயம்னு எல்லாருக்கும் தெரியுது, அவர்தான் செஞ்சார்னும் தெரியுது!" என்றேன். ஹிலாரி அமைதியாக, "2006லயும் உங்களுக்கு இப்படித்தான் தெரிஞ்சிருந்துச்சு" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

கூடத்தின் மாடியில் 1982 முதல் 85 வரை வந்த இதழ்கள் அறுபத்திரண்டு பெட்டிகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் யாரும் புரட்டாதவை. அவற்றில் எங்காவது உங்கள் கணவர் பெயர் இருக்க வேண்டும். பக்கத்தைத்தான் நான் தொடக்கூடாது, தாளைத் தொடலாம். இந்த மாதம் எல்லாச் சனிக்கிழமையும் தேடுவதென்று ஹிலாரி அறிவித்தார். ஒன்பது பேர் கை தூக்கினார்கள்.

உங்களிடம் ஏதாவது இருக்கிறதா? சம்பளச் சீட்டு, கையெழுத்து, வரைபடம் எதுவும் கணக்கில் வராது. அச்சில் வந்ததாக இருக்க வேண்டும்.

கிளைவ்

*

பான்ட்வெலின்
9 மே 2024

கிளைவ்,

கணக்கில் வராதவை மட்டும்தான் என்னிடம் இருக்கின்றன. மூன்று வரைபடங்கள், ஓரத்தில் அவர் கையெழுத்தில் கடையில் வாங்க வேண்டிய காய்கறிப் பட்டியல். இவை போதாது என்றால் என்னை மறுபடி கேட்காதீர்கள்.

டெம்பிள் எல்லாப் பேட்டியிலும் தன் மூஞ்சியைத்தான் காட்டினார். எம்லினைக் கூப்பிட்டால், "நமக்கெதுக்கு அந்த வம்பு?" என்பார். இப்போது உயிரோடு இருந்தால் ஒரு உலுக்கு உலுக்கியிருப்பேன். தொழிற்சாலை ஏன் மூடியது என்று ஊர் பேசியபோதெல்லாம் வாயே திறக்கவில்லை அந்த மனிதர். உங்கள்மேல் எவ்வளவு கோபமோ, அதில் பாதி அவர்மேலும் இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை.

தேடுங்கள்.

கிளெனிஸ்

*

மேக்கிள்ஸ்ஃபீல்ட்
26 மே 2024

கிளெனிஸ் அவர்களுக்கு,

கிடைத்துவிட்டது. கண்டுபிடித்தது நான் அல்ல, ஹிலாரி. நேற்று நாலு மணிக்கு, நாற்பத்தேழாவது பெட்டியில். தேட ஆரம்பித்து மூன்றாவது சனிக்கிழமை என்பதால் ஆறு பேர்தான் மிஞ்சியிருந்தோம். அவர் இதழை என் முன்னால் தள்ளினார். பேட்டி இல்லை, கட்டுரை இல்லை. 1983 ஜூலை இதழ், வாசகர் கடிதப் பகுதி. கிரிம்ஸ்பியிலிருந்து ஸ்காட்டன் என்பவர் எழுதியது. படித்தால் உங்களுக்குக் கோபம் வரும். அப்படியே எழுதுகிறேன்:

'ஐயா, பார்கட் கணினிக்கு ஐந்து மாதமாகக் காத்திருக்கிறேன். ஆறு தடவை போன் செய்தேன். ஐந்து தடவை ஒரு பெண் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆறாவது தடவை எடுத்தவரிடம், இந்தத் தகர டப்பாவைச் செய்த மடையன் யார் என்று கேட்டேன். "நாந்தாங்க, எம்லின் ஹாப்கின்" என்று பதில் வந்தது. இப்படியொரு துணிச்சலை நான் கண்டதில்லை. மக்களை ஏமாற்றும் இந்த ஹாப்கின் போன்றவர்களை உங்கள் இதழ் தோலுரிக்க வேண்டும்.'

அதன் கீழே இதழாசிரியரின் பதில்:

'பார்கட்டை வடிவமைத்த திரு. ஹாப்கினைத் தொடர்புகொண்டோம். அடாப்டர் சூடாவதால் அனுப்புவதை நிறுத்தச் சொன்னது தான்தான் என்றும், பாதுகாப்பானது கிடைக்கும்வரை ஒன்றையும் அனுப்பப்போவதில்லை என்றும் சொன்னார். அவர் பெயரை வெளியிடலாமா என்று கேட்டோம். "போடுங்க. திட்டுறவங்களுக்கு யாரத் திட்டணும்னு தெரிய வேணாமா?" என்றார்.'

ஹிலாரி நேற்றே பக்கத்தில் ஏற்றிவிட்டார். இரண்டு வரி: வடிவமைத்தவர் யார், அனுப்புவதை நிறுத்தியவர் யார், ஏன். கீழே ஆதாரம். இதழின் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன், இரண்டு பிரதி. ஒன்று போவனுக்கு.

அந்த ஜூலையில் நானும்தான் காத்துக்கொண்டிருந்தேன். போன் செய்திருந்தால் அவர் எனக்கும் சொல்லியிருப்பார்.

கிளைவ்

*

பான்ட்வெலின்
10 ஜூன் 2024

கிளைவ்,

போவன் அந்தத் தாளை என் சமையலறையில் நின்றபடியே மூன்று தடவை படித்தார். "இத மொதல்லயே காட்டியிருக்கலாமேம்மா" என்றார். கெட்டிலைத் தூக்கி அடித்திருப்பேன், உள்ளே கொதிக்கிற தண்ணீர் இருந்ததால் விட்டேன். பெயர் போடுகிறார்கள். நேற்று வாசகத்தைக் கொண்டுவந்து காட்டினார். எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். பெத்தன் ரீஸ் வாசல்வரை வந்தாள், உள்ளே கூப்பிடவில்லை. இன்னொரு நாள் கூப்பிடுவேன்.

அந்த கிரிம்ஸ்பிக்காரன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆச்சரியமாக இருக்கிறது. அவன் அன்றைக்கு மரியாதையாகப் பேசியிருந்தால் யாரும் அதை அச்சடித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் எம்லின்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை கிளைவ். அந்த ஜூலை முழுக்க ஆறு மணிக்கு வீட்டுக்கு வருவார், பட்டாணி உரித்துக் கொடுப்பார், ரேடியோ கேட்பார். பாராட்டுகிற இடத்திலெல்லாம் டெம்பிளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்ற மனிதர், ஒருவன் மடையன் யார் என்று கேட்டபோது முன்னால் வந்து பேரைச் சொல்லியிருக்கிறார். வாயே திறக்கவில்லை என்று உங்களுக்கு எழுதினேன். அது தப்பு. திறந்திருக்கிறார், நான் அங்கே இல்லை. அந்த வரியை வாய்விட்டுப் படித்தேன். 'நாந்தாங்க, எம்லின் ஹாப்கின்.' அவர் குரல் அப்படியே கேட்டது. பதினோரு வருடமாகச் சரியாகக் கேட்காத குரல். உட்கார்ந்து அழுதேன், பிறகு அவரைத் திட்டினேன், பிறகு சாப்பிட்டேன்.

உங்களை மன்னித்தேனா என்று கேட்டால், இல்லை. பதினேழு வருடம் அந்த வரி அங்கே கிடந்தது, அதில் ஆறு வருடம் அவர் உயிரோடு இருந்தார். அவர் அதைப் படித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமலேயே நான் சாகப் போகிறேன். அதற்கு எந்தப் பெட்டியிலும் ஆதாரம் கிடைக்காது.

இருபத்தோராம் தேதி வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பலகை திறப்பு. பேச ஆள் வேண்டும் என்கிறார் போவன். வடிவமைத்தவர் இவர்தான் என்பது எப்படித் தெரிந்தது என்று ஊருக்குச் சொல்ல வேண்டுமாம். ஹிலாரி கண்டுபிடித்ததை ஹிலாரி சொல்லட்டும். அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஒருவர் வேண்டுமே. இருநூறு குடும்பத்துப் பிள்ளைகளும் எதிரே நிற்பார்கள். யாராவது, "எழுதுன மடையன் யாரு?" என்று நிச்சயம் கேட்பார்கள்.

வந்து பதில் சொல்லுங்கள்.

கிளெனிஸ் ஹாப்கின்